ஆர்மோனியக் கட்டையிலிருந்து மடிக்கணினி வரை
(நம் பாடகர் குழுவின் கித்தார்ப் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

ஜூபிலி மலர் என்றால் அதில் ஆலயம் எழும்பிய வரலாறு இருக்கும். பணியாற்றிய குருக்களின் வரிசை இருக்கும். சபைகளின் அறிக்கைகளும் கணக்குகளும் இருக்கும். பாடகர் குழுவுக்கு ஒரு நிழற்படமும் அதன் கீழ் பெயர்களும் கிடைக்கும். பாடியவர்களைப் பற்றி நம்மைவிட நன்கு அறிந்தோர் எழுதட்டும். வாசித்தவர்களை, அதிலும் கித்தாரும் பேஸ் கித்தாரும் வாசிக்கக் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகளை, பற்றியே நாம் எழுதப் புகுந்தோம். ஞாயிறு திருப்பலியில் கேட்கும் ஓசையை எல்லாரும் அறிவர். அவ்வோசை கைக்கு வருமுன் வாரம் முழுதும் வீட்டில் நடக்கும் பயிற்சியை அறிந்தவர் சிலரே. அப்பயிற்சி இன்று ஒரு மடிக்கணினிக்குள்ளும் ஒரு ஜோடி ஹெட்போனுக்குள்ளும் அடங்கிவிட்டது. அது எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் கடற்கரையில் விசுவாசம் செவி வழியாகவே நுழைந்தது. 1542-ம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளையும் பெரியோரையும் கூட்டினார் என்பதை 1544 ஜனவரி 15-ல் கொச்சியிலிருந்து அவரே எழுதிய மடலால் அறிகிறோம். தமிழில் பெயர்த்த செபங்களை அவர் உரக்கச் சொல்ல, மக்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தனர். ஏடும் எழுத்தும் இல்லாத மக்களுக்கு ஓசையே ஏடாயிற்று. நம் கொம்புத்துறைக்கும் சவேரியாருக்கும் உள்ள தொடர்பை இம்மலரின் பிற கட்டுரைகள் விளக்குமாதலால் அதை இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்வோம்: ஒரு கைமணியில் தொடங்கிய திருச்சபை இது.

காயல்பட்டினம் தானும் பாட்டுக்குப் பேர்போன ஊர். அருணகிரியாரின் சந்தத்தை உள்வாங்கி நபிகள் நாயகத்தின் மேல் திருப்புகழ் பாடிய வரகவி காசிம் புலவர் இவ்வூரினர். தாளத்தையும் சந்தத்தையும் மதிக்கத் தெரிந்த ஊரில், நாலு பேர் கேட்க வாசிப்பவன் தாளம் பிசகினால் தலை குனிய வேண்டியதுதான். ஆகவே பயிற்சி என்பது இங்கே மானப் பிரச்சினையும் ஆகும்!

இனி இசைக்கருவிகளுக்கு வருவோம். பாரிசில் 1840-ல் தெபேன் என்பார் உரிமைப்பத்திரம் பெற்ற ஆர்மோனியம் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் கைத்துருத்தி வைத்த உருவில் செய்ய, நாடெங்கும் பரவியது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்திருந்தது. ஆனால் நம் கோயில்களில் அதற்கு யாதொரு தடையும் இருந்ததில்லை. மாறாக, கோயிலுக்குள் தடை பெற்றிருந்தவை மேளமும் பேண்டு வாத்தியமுமே. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22-ல் வெளியிட்ட ஆணை, பியானோவையும் முரசு, தாளம் போன்ற பேரோசைக் கருவிகளையும் ஆலயத்துள் விலக்கியது. வெளியே நடக்கும் சுற்றுப்பிரகாரத்தில் பேண்டு வாத்தியத்துக்கு ஆயர் அனுமதி தரலாம் என்றது. நம் கடற்கரை ஊர்களில் சப்பரத்துக்கு முன்னே பேண்டு முழங்கியதும், கோயில் வாசலில் அது நின்றுவிட்டதும் இக்காரணம் பற்றியே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை வெளியிட்ட பின் நிலைமை மாறியது. அந்தந்த நாட்டு மக்களின் இசைக்கருவிகளும், புனித காரியத்துக்கு ஏற்றவையாயின், ஆலயத்தில் இடம் பெறலாயின. 1967 மார்ச் 5-ல் திருச்சபை இசை பற்றி வெளிவந்த அறிவுரை ஒன்று இதனினும் விளக்கமாய்ப் பேசியது. கருவிகள் குரலைத் தாங்கலாம். மக்கள் பங்குகொள்ள உதவலாம். ஆனால் பாட்டின் சொற்கள் விளங்காதபடி குரலை அமுக்கிவிடலாகாது என்பதே அதன் சாரம். இதனை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

தமிழ்ப் பூசையும் தமிழ்ப் பாட்டும் வந்த பின் கித்தாரும் வந்தது. 1976-ல் அன்னக்கிளி வாயிலாகத் திரையிசைக்கு வந்த இளையராஜா அடிப்படையில் ஒரு கித்தார்க் கலைஞர். பேஸ் கித்தாரை வெறும் ஒத்து ஊதும் கருவியாக வையாமல் அதற்கென ஒரு தனிப் பாட்டையே அமைத்துக் கொடுத்தவர் அவர். 1977-ல் திருச்சியில் தொடங்கப்பெற்ற கலைக்காவிரியின் பாடல்கள் ஒலிநாடாவாகப் பங்குதோறும் சென்றன. ஒலிநாடாவில் கேட்டதைக் கோயிலில் வாசிக்க இளைஞர் ஆசைப்பட்டனர். ஆசை வந்தது, கருவியும் கல்கத்தாவில் செய்த கிவ்சன் கித்தார் போன்ற உருவில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய விலையில் வந்தது. வராதது ஆம்ப்ளிஃபயர்.

இவ்விடத்தில் சிறிது நிற்க வேண்டும். மரப்பெட்டி கித்தார் தன் வயிற்றாலேயே பேசும். மின்கித்தார் அப்படியன்று. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கித்தாரும், 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸ் கித்தாரும் கம்பியின் அசைவைக் காந்தமும் செப்புச்சுருளும் கொண்டு மின்சாரமாக்குபவை. ஆம்ப்ளிஃபயர் இல்லையேல் மின்கித்தார் கொசுவின் ரீங்காரம். பேஸோ அதுவும் இல்லை. எனவே பேஸ் பழக வேண்டுமாயின் ஆம்பும் வேண்டும், அந்த ஆம்பின் ஓசையைத் தாங்கும் அக்கம்பக்கமும் வேண்டும்.

நம்மிடம் இருந்ததோ கூட்டத்துக்கென்று செய்த ஒலிபெருக்கிதான். மைக்கில் பிரசங்கம் பேசுவதற்கென அமைந்த அந்தப் பெட்டியில் கித்தாரைச் செருகினால் குரல் வருமிடத்தில் தகரம் வரும். திருவிழாவுக்கு வாடகைக்கு வந்த சவுண்டு சர்வீஸ்காரர் கொடியிறக்கம் முடிந்ததும் கூம்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். ஆண்டுக்குப் பத்து நாள் கிடைக்கும் ஒலிபெருக்கியைக் கொண்டு எவரும் பேஸ் பழக முடியாது.

கிடைத்தாலும் வீட்டில் வைத்து வாசிக்க இயலுமா? பேஸ் கித்தாரின் தடித்த கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஓசையின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் அதிக நீளம்; நம் தெருவில் பல வீடுகளே அந்த நீளம் இரா. சன்னமான ஓசையைச் சுவர் தடுத்துவிடும். இத்தகைய கனத்த ஓசையைச் சாதாரணச் செங்கல் சுவர் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகவேதான் அடுத்த தெருவில் பாட்டுப் போட்டால் நமக்குப் பாட்டு கேளாமல் அடி மட்டும் கேட்கிறது. நம் மக்களோ கடலை நம்பி வாழ்வோர். விடியுமுன் மடி ஏற்றிச் சென்று வெயிலேறக் கரை சேர்ந்தவர் நண்பகலில்தான் கண்ணயர்வார். பள்ளி விட்டு வந்த மகன் கம்பியைத் தட்டும் நேரமும் தந்தை உறங்கும் நேரமும் ஒன்றாயிருப்பது நம் வீடுகளின் இயல்பு. அண்டையில் பள்ளிவாசல்கள் உண்டு. பாங்கு ஒலிக்கும் வேளையும், ரமலான் இரவுத் தொழுகை வேளையும் நம் சகோதரர்க்கு அமைதி வேண்டிய வேளைகள். சட்டமும் பின்னர் வந்தது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியை விலக்கின. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டின.

நம் திருச்சபையின் ஆண்டுச் சக்கரமும் இதற்கு ஒரு முடிச்சுப் போடுகிறது. தபசுகாலத்தில் இசைக்கருவிகள் பாட்டைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது வழிபாட்டு விதி. ஆனால் உயிர்ப்பு விழாவின் மகிமைப் பாடலில் எல்லாக் கருவிகளும் ஒருங்கே முழங்க வேண்டும்! நாற்பது நாள் அடங்கியிருந்து ஒரே இரவில் அவிழ்ப்பதற்கு, அந்த நாற்பது நாளும் எங்கேனும் பழகியிருக்க வேண்டும். கோயிலில் ஆகாது, தெருவில் ஆகாது, வீட்டில் ஓசை ஆகாது. இந்த மூன்று முட்டுக்கட்டைகளையும் நீக்கியது எது என்று கேட்டால், ஹெட்போன் என்பதே விடை.

காதுக்குள் மட்டும் கேட்கும் ஆம்ப் என்ற எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் பாஸ்டன் என்ற இசைக்குழுவை நடத்திய டாம் ஷோல்ஸ், படிப்பால் பொறியாளர். 1982-ல் ராக்மேன் என்று ஒரு சிறு பெட்டி செய்தார். இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் வாசிக்கலாம். 1990-களில் ஜப்பானிய ஜூம் நிறுவனத்தின் காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெட்டிகள் நம் நாட்டு நகரக் கடைகளில் கிட்டின. 1998-ல் லைன் 6 நிறுவனத்தார் பாட் என்னும் சிவப்புப் பெட்டியை வெளியிட்டனர். பற்பல பழைய ஆம்புகளின் குரலைக் கணக்கால் போலி செய்வது அதன் தொழில். இதே வேலையைக் கணினியே செய்யுமாறு இத்தாலியில் 2002-ல் ஆம்ப்ளிடியூப் மென்பொருளும், ஜெர்மனியில் 2004-ல் கித்தார் ரிக் மென்பொருளும் வந்தன. அதே 2004-ல் ஆப்பிள் கணினிகளில் கராஜ்பேண்ட் சேர்ந்தே வந்தது. இவையெல்லாம் நம் தெருவுக்கு வெகு தொலைவில் நடந்தவை. மென்பொருளை ஓட்ட மடிக்கணினி வேண்டுமே! அதன் விலையில் அக்காலத்தில் ஒரு வள்ளத்துக்கு வலை வாங்கலாம்.

அந்தத் தொலைவைக் கடந்த நாள் 2011 செப்டம்பர் 15. அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு பயின்ற மாணவர்க்கு அடுத்து வந்த ஆண்டுகளில் மடிக்கணினி கிடைத்தது. நம் மறைமாவட்டத்தின் பள்ளிகள் பெரும்பாலும் உதவி பெறும் பள்ளிகளாதலால், அதற்கு முன் கணினியைக் கண்ணால் மட்டும் கண்ட கடற்கரை வீடுகளில் அது சாமி படத்துக்குக் கீழே துணி போர்த்திய நிலையில் அமர்ந்தது. படிக்கக் கொடுத்ததைப் பாட்டுக்கு எடுத்தான் என்று குறைசொன்னோரும் உண்டு. நாம் அக்குறையை ஏற்பதில்லை. படம் பார்க்கவும் விளையாடவும் போன பொழுதில் ஒரு பங்காவது ஆலயத்துக்குப் பயன்பட்டதே என்று மகிழ்கிறோம்.

இனி அது வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்குவோம். பிள்ளை இருட்டறையில் காதை மூடிக்கொண்டு என்ன செய்கிறான் என்று கவலையுறும் பெற்றோருக்கு இது பயன்படும்.

கித்தாரின் காந்தச்சுருள் தரும் மின்சாரம் மிக மெலிந்தது. அதை வாங்கும் வாசல் அகன்ற எதிர்ப்பு உடையதாயிருக்க வேண்டும். ஏறத்தாழ 10 லட்சம் ஓம் என்பது வழக்கு. மடிக்கணினியின் மைக் துளையோ சில ஆயிரம் ஓம் அளவினதே. அதில் நேரே செருகினால் கித்தாரின் மேல் ஓசை மழுங்கி, கம்பளியால் மூடியதுபோல் கேட்கும். பலரும் இந்த முதற்படியிலேயே மனம் தளர்ந்து விட்டுவிடுகின்றனர். கித்தாருக்கென்றே செய்த யு.எஸ்.பி. கம்பி சில நூறு ரூபாயிலும், சற்று உயர்ந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி சில ஆயிரத்திலும் கிடைக்கின்றன. அது மின்சாரத்தை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. மென்பொருள் அந்த எண்களை வாங்கி, ஆம்ப் செய்வதைக் கணக்காகச் செய்கிறது.

ஆம்ப் செய்வது என்ன? பழைய வால்வு ரேடியோவை அளவுக்கு மீறித் திருகினால் குரல் கரகரப்பதை நாம் அறிவோம். அலையின் உச்சி தட்டையாகிப் புதிய மேல் ஓசைகள் பிறப்பதால் அக்கரகரப்பு உண்டாகிறது. மின்கித்தாரின் அழகு பாதி இந்தக் குற்றத்தில் பிறந்தது. பின் அது பெட்டியும் ஒலிபெருக்கியும் வழியே வெளிவருகையில் மிக உயர்ந்த ஓசைகள் குறைந்து உருண்டு திரள்கிறது. மென்பொருள் இவ்விரண்டையும் தனித்தனியே போலி செய்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு ஒரு கணப்பொழுது ஓசை கொடுத்து, அது எவ்வாறு பதிலிறுக்கிறது என்று பதிந்து வைத்த கோப்பைக் கித்தாரின் ஓசைமேல் ஏற்றுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு படி மேலே போய், உண்மையான ஆம்புக்குள் போன ஓசையையும் வெளிவந்த ஓசையையும் ஒப்பிட்டுக் கணினியே பாடம் கற்றுக்கொள்ளும் முறை வந்துள்ளது. ஸ்டீவன் அட்கின்சன் என்பார் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் அத்தகையது. அதற்கு விலையே இல்லை. லினக்ஸ் கணினிக்குக் கித்தாரிக்ஸ் என்று ஒன்று உண்டு; அதுவும் இலவசம். திருட்டுப் பிரதி தேட வேண்டிய அவசியம் நம் பிள்ளைகளுக்கு இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்கிறோம். ஏழாம் கட்டளை மென்பொருளுக்கும் பொருந்தும்.

எல்லாம் சரி, கம்பியைத் தொட்ட பிறகு ஓசை தாமதித்து வருகிறதே என்பதுதான் பிள்ளைகள் சொல்லும் முதற்புகார். காரணம் எளிது. கணினி எண்களை ஒவ்வொன்றாய்க் கையாளாமல் மூட்டை கட்டிக் கையாளுகிறது. 1,024 எண் கொண்ட மூட்டை நிரம்ப ஆயிரத்தில் 21 பங்கு விநாடி ஆகும். உள்ளே போக ஒரு மூட்டை, வெளியே வர ஒரு மூட்டை என்று இரட்டிப்பாகும். 128 எண் கொண்ட மூட்டையாயின் போகவர ஆயிரத்தில் ஐந்து பங்கு சொச்சமே. இவ்வளவு சிறு மூட்டையைத் தடையின்றிக் கொண்டுசெல்ல விண்டோஸ் கணினிக்குத் தனிப் பாதை வேண்டும். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் 1997-ல் வகுத்த ஏசியோ என்பது அப்பாதை. அதை நிறுவாமல் கணினி மட்டம் என்று குறைகூறுவது, துடுப்புப் போடாமல் காற்றைத் திட்டுவதைப் போல.

இத்தாமதத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம். ஒலி நம் கடற்கரைக் காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. ஆயிரத்தில் பத்துப் பங்கு விநாடித் தாமதம் என்பது ஆம்புக்கு மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். கோயிலில் வாசிப்போர் அதைவிடத் தள்ளி நிற்பதுண்டு. முப்பது மீட்டர் நீளக் கோயிலில் பீடத்தருகே பாடுவது தலைவாசலுக்கு வந்து சேர ஆயிரத்தில் 87 பங்கு விநாடி ஆகிறது. அதனால்தான் பின்னால் நிற்போர் எப்போதும் அரைக்கட்டை தாமதித்துப் பாடுவதாய்ப் பாடகர் தலைவர்கள் தலையில் அடித்துக்கொள்கின்றனர்; அது அவர்கள் பக்திக்குறைவு அன்று! ஆனால் கம்பியில்லா புளூடூத் ஹெட்போனில் தாமதம் சில வேளை ஐந்தில் ஒரு பங்கு விநாடி வரை போகும். அதில் பழகினால் தாளம் கெட்டே தீரும். பயிற்சிக்குக் கம்பி உள்ள ஹெட்போனே ஏற்றது.

பேஸ் பயில்வோர் பெற்ற நன்மை இன்னும் பெரிது. மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கி விரல் நகமளவு; 41 அதிர்வு ஓசையை அதனால் எழுப்பவே முடியாது. அதன் மடங்குகளான 82, 123 அதிர்வுகளில் கொஞ்சம் கசிவதைக் கொண்டு காது தானாகவே அடி ஓசையை ஊகித்துக்கொள்கிறது. நல்ல ஹெட்போனை மாட்டிய பையன் முதன்முறையாகத் தன் கருவியின் உண்மைக் குரலைக் கேட்கிறான். அதுவரை, கையால் தொட்டுணர்ந்த அதிர்வை மட்டுமே அவன் அறிந்திருந்தான். இளையராஜாவின் பாடல்களில் அடியில் ஓடும் தனிப் பாட்டை வெட்டவெளிக் கூம்பில் எத்தனை முறை கேட்டும் பிரித்தறிய இயலாத காது, ஹெட்போனில் ஒரு மாலையில் பிரித்தறிந்துவிடும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் பாட்டின் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கித் தரும். நாலு அடியை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு வாசிக்கலாம். தாளக்கருவி தட்டிக்கொண்டே இருக்கும், சலிக்காது, கோபியாது. கர்நாடக இசை பயில்வோர் பெங்களூரு ராடல் நிறுவனத்தாரின் மின்னணுத் தம்புராவை அருகில் வைத்துச் சாதகம் செய்வதை ஒத்ததே இது.

ஒரு வீட்டில் நாம் கேட்ட உரையாடல்:

“ஏ மக்கா, ஒரு மணி நேரமா கம்பியத் தடவிக்கிட்டே இருக்கிய, ஒரு சத்தத்தையுங் காணோமே?”

“ஆச்சி, காதுக்குள்ள கேக்கு. இந்தா, நீங்களும் மாட்டிப் பாருங்க.”

மாட்டிப் பார்த்த ஆச்சி உடனே கழற்றிவிட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ மட்டும் கேக்கதுக்கு எதுக்குப்பா பாட்டு?” என்றார்.

ஆச்சியின் கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஹெட்போனில் மட்டும் பழகியவனுக்குத் தன் கித்தாரே உலகமாகிவிடுகிறது. மென்பொருளில் ஆயத்தமாய்க் கிடைக்கும் குரல்கள் தனியே கேட்பதற்கென்று அலங்கரிக்கப்பட்டவை. எதிரொலி ஏராளம், கரகரப்பு ஏராளம். ஹெட்போனில் அது தேவலோகம். அதே குரலைக் கோயிலுக்குக் கொண்டுவந்தால், ஏற்கெனவே ஓசை சுழலும் உயர்ந்த கூரையின் கீழ் எதிரொலியின்மேல் எதிரொலி ஏறிச் சேறாகிவிடும். அதற்கு ஈடுகட்ட அவன் ஓசையை ஏற்றுவான்; பாடுவோர் மைக்கை ஏற்றுவர்; பீடத்திலிருக்கும் குருவானவர் செபத்தைக் கத்த வேண்டிவரும். மக்களோ வாயை மூடிக்கொள்வர். 1967-ன் அறிவுரை தடுக்க விரும்பியது இதனையே. மக்கள் பாடாத பூசையில் கித்தார் எவ்வளவு அழகாய் ஒலித்தாலும் பாடகர் குழு தன் வேலையில் தவறியதென்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே பயிற்சிக்கு மடிக்கணினியும், கோயிலுக்கு வேறு பழக்கமும் வேண்டியிருக்கிறது. வீட்டில் பழகும்போதே எதிரொலியை அணைத்துவிட்டு வறண்ட ஓசையில் பழகுவது நலம். கையின் குற்றம் அப்போதுதான் தெரியும், எதிரொலியைக் கோயிற்கூரை இலவசமாய்த் தரும். பாட்டுப் பயிற்சியில் ஒருமுறையேனும் கருவியின்றிக் குரல்களை மட்டும் பதிவுசெய்து, அப்பதிவின் மேல் பேஸ் வாசித்துப் பழகலாம். மூச்சு எங்கே எடுக்கிறார்கள், எந்த வரியில் முதியோர் இழுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் கேட்கும். சினிமாப் பாட்டின் மேல் வாசிப்பவன் தாளக்கருவியோடு ஒட்டுகிறான். நம் மக்களின் குரலின் மேல் வாசிப்பவன் மூச்சோடு ஒட்டுகிறான். இவ்விரண்டும் வெவ்வேறு கல்வி.

காதைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வகுத்த அளவுப்படி, ஹெட்போனில் 80 டெசிபல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது. சிறுவர்க்கு 75 டெசிபலே எல்லை. ஓசை சற்றே ஏறினாலும் இந்நேரம் விரைந்து குறையும். பேஸ் வாசிப்போர் கனத்த ஓசையைத் தேடி மேலும் மேலும் திருகுவர். தாய்மார் பக்கத்தில் நின்று பேசினால் பிள்ளைக்குக் கேட்கிறதா என்று சோதித்தால் போதும்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற கேள்வி மடிக்கணினிக்கு இல்லை; மின்கலத்தில் ஓடும். சொல்லப்போனால் மின்தடையில்தான் ஓசை தூய்மையாயிருக்கும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைவது. அதன் உம்மென்ற ஒலி ஒற்றைச்சுருள் கித்தாரில் ஏறிவிடும், அது பேஸின் கீழ்க்கம்பி ஓசைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். சார்ஜரைக் கழற்றினால் பாதி குறைவதைப் பலரும் கண்டிருப்பர். உப்புக்காற்று வேறு. நம் ஊரில் உருக்குக் கம்பி துருவேறுவதைப்போல் மடிக்கணினியின் துளைகளும் பச்சை பூக்கின்றன. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைத்துக் கருவியை உறையிலிட்டு வைப்பது, வலையைக் காயப்போடுவதைப் போன்ற கடமை.

இறுதியாகச் சுருதி பற்றி. 1939-ல் லண்டன் மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டு, 1955-ல் சர்வதேசத் தர நிறுவனத்தார் ஏற்ற 440 அதிர்வு என்னும் அளவில்தான் எல்லா மென்பொருளும் கித்தாரைச் சுருதி சேர்க்கின்றன. பழைய ஆர்மோனியங்கள் அந்த அளவை அறியா. நாக்குகள் தேய்ந்தும் துரு ஏறியும் சில கொஞ்சம் ஏறியிருக்கும், சில இறங்கியிருக்கும். வீட்டில் கச்சிதமாய்ச் சுருதி சேர்த்துக் கோயிலுக்கு வந்த கித்தார், ஆர்மோனியத்தோடு சேர்ந்ததும் உரசுவது இதனாலே. ஆர்மோனியத்தின் நாக்கைச் சுரண்டித் திருத்துவது தேர்ந்தவர் செய்யும் வேலை. மென்பொருளின் 440-ஐ 442 என்றோ 437 என்றோ மாற்றுவது ஒரு நொடி வேலை. எனவே நம் குழுவில் சனிக்கிழமை மாலைப் பயிற்சியில் முதலில் ஆர்மோனியத்தின் கட்டையை ஒருவர் அழுத்திப் பிடிக்கிறார். மடிக்கணினி அதைக் கேட்டு எண்ணைக் காட்டுகிறது. பிள்ளைகள் அந்த எண்ணை எழுதிக்கொண்டு போய், அடுத்த வாரம் முழுதும் வீட்டில் அதற்கே சுருதி வைத்துப் பழகுகின்றனர்.